நாயோடு லியோன்: இரு நதிக்கரைகளில் ஒரு வரலாற்று நடை

ஆல்ப்ஸ் மலையின் பனியாறு ஒன்றில் பிறந்து சுவிட்சர்லாந்தைக் கடந்து வரும் ரோன் ஆறும், வடக்கே வோஜ் மலைப்பகுதியிலிருந்து இறங்கி வரும் சோன் ஆறும் கூடும் இடத்தில் அமைந்த லியோன், கி.மு. 43இல் ரோமானிய ஆளுநர் முனாத்தியுஸ் பிளாங்குஸ் நிறுவிய லுக்டூனம் என்னும் குடியேற்றமாகத் தொடங்கிய நகரம். ரோமப் பேரரசில் கால் (Gaul) எனப்பட்ட நிலப்பகுதியின் மாகாணங்களுக்குத் தலைமையிடமாகவும், இடைக்காலத்தில் திருச்சபையின் கோட்டையாகவும், பிற்காலத்தில் ஐரோப்பாவின் பட்டு நெசவு மையமாகவும் விளங்கிய இதன் பழம்பகுதிகள் 1998இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்தச் செய்திகளை எந்தச் சுற்றுலாக் கையேடும் தரும். கையேடுகள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது, இந்நகருக்கும் நாய் என்னும் விலங்குக்கும் உள்ள நெடிய, சில இடங்களில் கசப்பான உறவு. ஒரு வேட்டை நாயைப் புனிதராக வணங்கிய மக்கள் வாழ்ந்தது இதன் வடபுறத்து நாட்டுப்புறத்தில்; உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றியது இதன் ஆற்றங்கரையில்; வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசிக்கு முன்னோடியான சோதனைகள் நடந்ததும் அதே பள்ளியில்தான்.

நாயுடன் வரும் பயணிக்கு இந்த உறவைக் காண ஒரு தற்செயலான வசதி உண்டு. தேவாலயங்களும் அருங்காட்சியகங்களும், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள் போன்ற உதவி நாய்களைத் தவிர, மற்ற நாய்களை உள்ளே விடுவதில்லை. ஆகவே அவர் வேறு வழியின்றித் தெருக்களிலும் படித்துறைகளிலும் பாலங்களிலும் நடக்க நேர்கிறது. லியோனைப் பொறுத்தவரை இது இழப்பே அல்ல. ஊரின் வரலாற்றில் பெரும்பகுதி ஆற்றங்கரையில்தான் நடந்திருக்கிறது.

இரண்டு ஆறுகள், இரண்டு குணங்கள்

நகரின் நடுப்பகுதி, இரு ஆறுகளுக்கும் இடையே தெற்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு நிலநாக்கு. அதன் மேற்கில் ஓடும் சோன், எந்தத் திசையில் செல்கிறது என்று கண்ணால் கண்டுகொள்ள முடியாத அளவுக்கு மெதுவாக ஓடுவதாக ஜூலியஸ் சீசர் தம் போர்க் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கிழக்கில் ஓடும் ரோன் அதற்கு நேர்மாறானது: மலையிலிருந்து வரும் வேகமும் குளிர்ச்சியும் குறையாமல் நகரைக் கடப்பது, வெள்ளக் காலத்தில் கரைகளை மதிக்காதது. இரண்டும் இன்று கூடும் முனையும் இயற்கை அமைத்த முனை அன்று. அந்தோவான்-மிஷேல் பெராஷ் என்பவரின் திட்டப்படி 1770களில் தொடங்கிய பணியில், சதுப்புகளும் தீவுகளுமாகக் கிடந்த பகுதி தூர்க்கப்பட்டு, சங்கமம் தெற்கே தள்ளிவைக்கப்பட்டது. கண்ணாடியும் உலோகமுமாக 2014இல் திறக்கப்பட்ட சங்கம அருங்காட்சியகம் நிற்பது அவ்வாறு மனிதர் ஆற்றிடமிருந்து பெற்ற நிலத்தின் கோடியில்.

1856ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ரோன் பெருக்கெடுத்து இடது கரையின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தபோது, அங்கே ஏழை மக்கள் மண்ணை இடித்துக் கட்டியிருந்த வீடுகள் கரைந்து விழுந்தன. அதன் பிறகே உயரமான கரைகள் முறையாக எழுப்பப்பட்டன. அடுத்த ஆண்டில் திறக்கப்பட்ட, 117 ஹெக்டேர் பரப்புள்ள தெத் தோர் பூங்காவும் வெள்ளத்துக்குப் பிந்தைய அந்த நகரமைப்பில்தான் உருப்பெற்றது. உயர்ந்த கரைச்சாலைக்குக் கீழே, சரக்குப் படகுகள் பொருள் இறக்குவதற்காக நீர்மட்டத்தையொட்டி அமைத்த தாழ்ந்த படித்துறைகளைப் பிரெஞ்சில் 'பா-போர்' என்பார்கள். படகுப் போக்குவரத்து நலிந்த பின் ரோன் ஆற்றின் இடது கரையிலிருந்த இத்துறைகள் கார் நிறுத்துமிடங்களாகிப் பல பத்தாண்டுகள் கிடந்தன. 2007இல் கார்கள் வெளியேற்றப்பட்டு, வடக்கே தெத் தோர் பூங்காவிலிருந்து தெற்கே ஜெர்லான் வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு நடப்போர்க்கும் மிதிவண்டிக்காரர்க்குமான பாதையாக அவை மாற்றப்பட்டன. ஒரு நகராட்சி தன் மக்களுக்குச் செய்யக்கூடிய நல்ல காரியங்களுள் இதைத் தயங்காமல் சேர்க்கலாம். நாய்களுக்கும் சேர்த்தே அந்த நன்மை கிடைத்திருக்கிறது.

ஆனாலும் இப்பாதையில் நாயை நடத்துவதற்குச் சில கவனங்கள் வேண்டும். கரையோரம் கட்டிவைத்த தட்டையடிப் படகுகள் பல உணவகங்களாகவும் மதுக்கூடங்களாகவும் செயல்படுவதால், மாலையில் கூட்டமும் உடைந்த கண்ணாடிச் சில்லும் சேர்ந்து பாதங்களைப் பதம் பார்க்கும். கோடையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாள்களில் கல் தளம் உச்சி வெயிலில் கொதிக்கும்; புறங்கையைத் தரையில் சில விநாடிகள் வைத்துப் பார்த்து, தாங்க முடியவில்லையென்றால் நாயையும் நடத்தாமல் இருப்பதுதான் முறை. ரோன் ஆற்றின் இழுப்புக்கு நீந்தத் தெரிந்த நாயும் ஈடுகொடுக்காது என்பதால், பந்தை எறிந்து எடுத்துவரச் சொல்லும் விளையாட்டுக்கு இந்தக் கரை உகந்ததல்ல. சோன் அமைதியானது என்று நம்பி இறக்கிவிடுவதிலும் ஆபத்து உண்டு. மெதுவாக ஓடும் அல்லது தேங்கிய நீரில் கோடையில் படரும் நீலப்பச்சைப் பாசியின் நச்சு, அதைக் குடிக்கும் நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிட வல்லது. கரையோரப் புல்வெளிகளில் கோடைத் தொடக்கத்தில் காய்ந்து உதிரும் கதிர்ப்புல்லின் கூரிய முனைகள் வேறு ஒரு தொல்லை. அம்புபோல ஒரே திசையில் மட்டும் நகரக்கூடியவை ஆதலால், காதிலோ விரலிடுக்கிலோ நுழைந்துவிட்டால் உள்ளே உள்ளேயே போகும். பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு கோடையிலும் இவற்றை எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கியோத்தியேர்: ஒரு சத்திரத்தில் தொடங்கிய மருத்துவம்

ரோன் ஆற்றின் கிழக்குக் கரையில், பழைய பாலத்தின் மறுமுனையில் உள்ள கியோத்தியேர், 18ஆம் நூற்றாண்டில் நகர மதிலுக்கு வெளியே, இத்தாலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வண்டிக்காரர்களும் சத்திரங்களும் குதிரை லாயங்களுமாக இருந்த புறநகர். இன்று பல நாட்டு மக்களின் கடைகள் நெருங்கிய பகுதி அது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி இங்குதான், கைவிடப்பட்ட ஒரு சத்திரத்தில், 1762ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கதவைத் திறந்தது.

அதை நிறுவிய கிளோத் பூர்ஜெலா 1712இல் லியோனில் பிறந்தவர். சட்டம் பயின்று, பின்னர் நகரின் குதிரையேற்றக் கழகத்தின் தலைவராகி, குதிரையின் உடற்கூற்றை ஆராய்ந்து நூல்கள் எழுதி, திதரோ தொகுத்த புகழ்பெற்ற கலைக்களஞ்சியத்துக்கும் குதிரை பற்றிய கட்டுரைகளை அளித்தவர். அவருடைய நண்பரும் முன்னர் லியோனில் அரசப் பிரதிநிதியாக இருந்தவருமான ஆன்ரி பெர்த்தான் நாட்டின் நிதிப் பொறுப்பை ஏற்றிருந்த வேளை அது. மாட்டு வெக்கை என்று தமிழில் வழங்கும் கொள்ளைநோய் ஐரோப்பாவின் மந்தைகளைத் திரும்பத் திரும்ப அழித்துவந்ததால், விலங்கு நோய்களைக் கற்பிக்க ஒரு பள்ளி வேண்டும் என்ற பூர்ஜெலாவின் விண்ணப்பத்தை அரசவை 1761 ஆகஸ்ட் 4 அன்று ஏற்று, ஆறு ஆண்டுகளுக்கு 50,000 லீவர் மானியம் ஒதுக்கியது. லீவர் என்பது அக்காலப் பிரெஞ்சு நாணயம்.

அந்தப் பள்ளி மாட்டுக்காகவும் குதிரைக்காகவும் பிறந்ததே தவிர நாய்க்காக அன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. உழவும் போரும் வாணிபமும் அந்த இரு விலங்குகளின் முதுகில் நடந்த காலம் அது. நாய்க்கு மருத்துவம் என்பது செல்வர்களின் ஆடம்பரமாகக் கருதப்பட்டது. ஆயினும் விலங்கின் நோயை மந்திரவாதிக்கும் லாடம் கட்டுபவனுக்கும் விடாமல், உடலை அறுத்துப் பார்த்துக் காரணம் தேடும் கல்வியாக்கிய முதல் இடம் இதுதான். இன்று நாய்க்குத் தடுப்பூசி போடும் மருத்துவர் எந்த நாட்டவராயினும் அவருடைய தொழில்மரபு ஏதோ ஒரு வழியில் இந்தச் சத்திரத்துக்கு வந்து சேரும். இருநூற்றைம்பதாம் ஆண்டு நிறைவான 2011, உலகக் கால்நடை மருத்துவ ஆண்டாகக் கொண்டாடப்பட்டது அதனால்தான்.

பள்ளி 1796இல் சோன் ஆற்றின் வலது கரையில் இருந்த ஒரு பழைய கன்னிமடத்துக்கு இடம் மாறி, ஏறக்குறைய 180 ஆண்டுகள் அங்கே நடந்து, 1970களின் இறுதியில் நகருக்கு மேற்கே மார்சி-லெத்துவாலுக்குப் பெயர்ந்தது. ஆற்றை நோக்கி நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தில் இப்போது நடப்பது தேசிய இசை, நடன உயர்கல்லூரி. குதிரைகள் நின்ற முற்றத்தைக் கடந்து பிடில் பெட்டியுடன் மாணவர்கள் போகிறார்கள். கட்டடம் நிற்கும் கரைச்சாலைக்கு, பள்ளியின் இயக்குநராக இருந்து குதிரையின் இதயத்துக்குள் அழுத்தத்தை அளந்து காட்டிய ஒகூஸ்த் ஷோவோவின் பெயர். அதே பகுதியில் இன்னொரு கரைச்சாலைக்கு அங்கே பணியாற்றிய அர்லுவானின் பெயர். கால்நடை மருத்துவர்களின் பெயரைத் தன் ஆற்றங்கரைகளுக்குச் சூட்டிய நகரங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது.

கத்தியும் ஊசியும்

கியோத்தியேர் பக்கத்து ரோன் கரையில், பல்கலைக்கழகக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் சாலைக்கு உடலியங்கியல் அறிஞர் குளோத் பெர்னாரின் பெயர் இடப்பட்டுள்ளது. லியோனுக்கு வடக்கே, சோன் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள சான்-ஜூலியான் கிராமத்தில் 1813இல் பிறந்து, லியோனின் மருந்துக் கடை ஒன்றில் எடுபிடியாக இருந்து, பின்னர் பாரிஸில் உலகப் புகழ் பெற்றவர் அவர். கணையநீர் கொழுப்பைச் செரிக்க உதவுவதையும், கல்லீரல் சர்க்கரையை ஆக்கிச் சேமிப்பதையும் அவர் கண்டறிந்த சோதனைகளில் பெரும்பாலானவை உயிருள்ள நாய்களின் மேல் செய்யப்பட்டவை. மயக்க மருந்து பரவலாவதற்கு முன் தொடங்கிய அந்தச் சோதனைகளை அவருடைய மனைவியே சகிக்க மாட்டாமல் எதிர்த்தார். இறுதியில் கணவரைப் பிரிந்து, பெண்மக்களுடன் விலங்கு வதைக்கு எதிரான இயக்கத்தின் பக்கம் நின்றார். சர்க்கரை நோயைப் பற்றி இன்று மருத்துவம் அறிந்தவற்றின் அடித்தளத்தில் அந்த நாய்கள் கிடக்கின்றன. அவற்றுக்குக் கரைச்சாலை ஏதும் இல்லை.

பெர்னாரின் காலத்துக்கு அடுத்த தலைமுறையில், கால்நடைப் பள்ளியின் பேராசிரியர் பியேர்-விக்தோர் கால்தியே வெறிநாய்க்கடி நோயை ஆராயத் தொடங்கினார். அதுவரை அந்நோயை ஆய்வுக்கூடத்தில் ஆராய்வதற்குத் தடையாக இருந்தது, வெறிபிடித்த நாயைக் கையாள வேண்டியிருந்த அபாயமும், நோய் வெளிப்பட ஆகும் காலம் கணிக்க முடியாததாக இருந்ததும் ஆகும். நோயை முயலுக்கு மாற்ற முடியும், முயலில் அது விரைவாகவும் ஆபத்துக் குறைவாகவும் வெளிப்படும் என்று 1879இல் கால்தியே காட்டினார். 1881இல், வெறிபிடித்த விலங்கின் உமிழ்நீரை ஆட்டின் நாளத்துக்குள் செலுத்தினால் ஆட்டுக்கு நோய் வராமல் எதிர்ப்பாற்றல் பிறக்கிறது என்றும் அறிவித்தார். லூயி பாஸ்தரும் அவருடைய குழுவினரும் முயலைக் கொண்டே தம் பணியை முன்னெடுத்து, 1885 ஜூலை 6 அன்று நாயால் கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது உலகறிந்த செய்தி. கால்தியேயின் பெயரோ மருத்துவ வரலாற்று நூல்களின் ஓரத்தில் மட்டும் எஞ்சியது. பாஸ்தரின் பெருமையைக் குறைக்காமலே, கால்தியேக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று சொல்ல இடம் உண்டு. அந்தத் தடுப்பூசி முறையின் கிளை நீலகிரிக்கும் வந்தது. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் தென்னிந்தியாவில் நாய்க்கடிக்கு மருத்துவம் தேடி வந்தவர்களுக்குப் பல தலைமுறைகள் புகலிடமாக இருந்தது.

குறுகிய வழிகளும் எலும்பைக் கடித்த நாயும்

ரோன் கரையிலிருந்து பாலத்தைக் கடந்தால் எதிர்ப்படும் நீண்ட முகப்புடைய ஒத்தேல்-தியூ, பல நூற்றாண்டுகள் நகரின் பெரிய மருத்துவமனையாக இருந்து, 2018 முதல் கடைகளும் விடுதியுமாக மாறியிருக்கிறது. இம்மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் 1532இல் மருத்துவராகச் சேர்ந்த பிரான்சுவா ரபலே, லியோன் அச்சகங்களில் தம் கதைகளை வெளியிட்டார். 'கார்கந்துவா' நூலின் முன்னுரையில், எலும்பைக் கடித்து உடைத்து உள்ளிருக்கும் மச்சையை உறிஞ்சும் நாயைப் போல வாசகன் தம் நூலைப் படிக்க வேண்டும் என்று அவர் சொன்னது பிரெஞ்சு இலக்கியத்தில் நிலைத்துவிட்ட உவமை. அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ள பெல்கூர் சதுக்கம் செம்மண் சரளை பரப்பிய பெரும் திடல், நடுவில் குதிரைமேல் பதினான்காம் லூயி. நிழல் ஓரங்களில் மட்டுமே உண்டு.

சோன் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள பழைய லியோனும், வடக்கே குரூவா-ரூஸ் குன்றும் 'திராபூல்' எனப்படும் ஊடுவழிகளுக்குப் பெயர் பெற்றவை. ஒரு தெருவிலுள்ள வீட்டின் வாசலில் நுழைந்து, இருண்ட நடையையும் முற்றத்தையும் சுழல்படியையும் கடந்து, அடுத்த தெருவில் வெளிவரும் வழிகள் இவை. பட்டு நெசவாளர்கள் துணிச் சுருள்களை மழையில் நனையாமல் கொண்டுசெல்ல இவற்றைப் பயன்படுத்தினார்கள்; கூலிக்காக 1831இலும் 1834இலும் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, இவ்வழிகளை அறியாத படைவீரர்களிடமிருந்து தப்பவும் இவை உதவின. இன்றும் இவை மக்கள் குடியிருக்கும் வீடுகளின் பகுதிகளே ஆகும். நகராட்சியும் வீட்டுக்காரர்களும் செய்துகொண்ட உடன்பாட்டால்தான் சில மட்டும் பகலில் திறந்திருக்கின்றன. கல் சுவர்களுக்கிடையே ஒரு நாயின் குரைப்பு நான்கு மாடிக்கும் எதிரொலிக்கும் என்பதால், அயலாரைக் கண்டால் அடங்காத நாயுடன் உள்ளே நுழைவது அங்கே வாழ்வோருக்கு இழைக்கும் தொல்லையே ஆகும்.

பகல் உணவுக்கு 'பூஷோன்' எனப்படும் சிறு உணவகங்கள் உண்டு. நெசவாளர்க்கும் வண்டிக்காரர்க்கும் குடலும் ஈரலும் தொத்திறைச்சியும் பரிமாறிய எளிய கடைகளின் வழிவந்தவை இவை. சமையல் நடக்கும் இடத்துக்குள் விலங்கு வரக் கூடாது என்பது பிரெஞ்சு விதி. உண்ணும் கூடத்தில் நாயை அனுமதிப்பது கடைக்காரரின் விருப்பம். பெரும்பாலும் கேட்டவுடன் இடம் கிடைக்கும். மேசைக்கடியில் ஒரு கிண்ணம் தண்ணீர், கேளாமலே வருவதும் உண்டு.

புனித கினஃபோர்

லியோனுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், சோன் ஆற்றில் சென்று சேரும் ஷாலரோன் என்னும் சிற்றாற்றின் கரையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் நிறைந்த தோம்ப் சமவெளி பரந்து கிடக்கிறது. டொமினிக்கன் சபையைச் சேர்ந்த துறவியும் சமய விசாரணையாளருமான எத்தியேன் த பூர்போன், 13ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பகுதியில் பாவமன்னிப்பு கேட்டு வந்த பெண்கள் பலர், தங்கள் பிள்ளைகளைப் புனித கினஃபோரிடம் எடுத்துச் சென்றதாகக் கூறுவதைக் கேட்டு, அந்தப் புனிதர் யார் என்று விசாரித்தார். அது ஒரு வேட்டை நாய் என்று தெரியவந்தபோது அவர் அடைந்த அதிர்ச்சி அவருடைய இலத்தீன் குறிப்பில் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

கதை இது: வில்லார் சீமையின் பிரபு ஒருவர் வெளியே சென்றிருந்தபோது தொட்டிலை நோக்கி வந்த பாம்பைக் கினஃபோர் என்ற நாய் கடித்துக் கொன்றது, இரத்தம் படிந்த வாயுடன் நாயையும் கவிழ்ந்த தொட்டிலையும் கண்ட பிரபு, அது குழந்தையைக் கொன்றுவிட்டதென்று எண்ணி வாளால் வெட்டினார், பிறகு குழந்தை நலமாக உறங்குவதையும் அருகில் பாம்பு செத்துக் கிடப்பதையும் கண்டார். நாயைக் கிணற்றில் இட்டு, மேலே கல் குவித்து, சுற்றிலும் மரம் நட்டார்கள். காலப்போக்கில் பிரபுவின் கோட்டை பாழடைந்தது. மரங்கள் மட்டும் வளர்ந்தன. நோயுற்ற குழந்தைகளைத் தாய்மார் அங்கே கொண்டுவரத் தொடங்கினர்.

தமிழ் வாசகருக்கு இக்கதை புதிதல்ல. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரிப்பிள்ளையை, இரத்தக்கறையைக் கண்டு பதறிய தாய் கொன்றுவிடும் கதை பஞ்சதந்திரத்தில் உண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், அவ்வாறு கீரியைக் கொன்றதற்காகக் கணவனால் கைவிடப்பட்ட பார்ப்பனப் பெண்ணின் துயரைக் கோவலன் தீர்த்த செய்தியை மாடலன் எடுத்துரைக்கிறான். இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு வழியாக மேற்கே சென்ற இக்கதை, போகிற வழியில் கீரியை விட்டுவிட்டு நாயைப் பிடித்துக்கொண்டது. வேல்ஸ் நாட்டிலும் கெலர்ட் என்ற நாயின் பெயரால் அது வழங்குகிறது. வேறெங்கும் நீதிக் கதையாக நின்ற ஒன்று தோம்பில் மட்டும் வழிபாடாக வளர்ந்ததுதான் வியப்பு.

எத்தியேன் விவரிக்கும் சடங்கு மென்மையானதன்று. குழந்தையின் துணிகளைப் புதர்களில் தொங்கவிட்டு, மரத்தில் ஊசிகளைக் குத்தி, ஆடையற்ற குழந்தையை இரு மரங்களின் இடைவெளி வழியே ஒன்பது முறை கைமாற்றிக் கொடுப்பார்கள். அந்த நோஞ்சான் பிள்ளை தங்களுடையதல்ல, வனத்தின் ஆவிகள் மாற்றி வைத்தது என்று நம்பியதால், அதை எடுத்துக்கொண்டு தங்கள் பிள்ளையைத் திருப்பித் தருமாறு வேண்டி, வைக்கோலில் கிடத்தி, தலைமாட்டில் இரு மெழுகுத்திரிகளை ஏற்றிவிட்டு, அவை எரிந்து தீரும் வரை அப்பால் போய்விடுவார்கள். தீப்பிடித்து இறந்த குழந்தைகளும் உண்டு. உயிரோடு இருந்தால் ஷாலரோன் ஆற்றில் ஒன்பது முறை முக்கி எடுப்பார்கள். எத்தியேன் நாயின் எலும்புகளைத் தோண்டியெடுத்து மரங்களோடு சேர்த்து எரிக்கச் செய்தார். ஆனால் வழிபாடு அதனால் அழியவில்லை. 1870களில் அந்தக் காட்டைத் தேடிச் சென்ற ஆய்வாளர் அது இன்னும் தொடர்வதைக் கண்டார். வரலாற்றறிஞர் ஜான்-குளோத் ஷ்மித் 1979இல் வெளியிட்ட ஆய்வு நூல், 20ஆம் நூற்றாண்டு வரை அதன் தடயங்களைப் பின்தொடர்கிறது. சாந்த்ரான் கிராமத்தருகே அந்தக் காடு இன்றும் புனித கினஃபோரின் பெயரால் வழங்கப்படுகிறது. இக்காலச் சுற்றுலா எழுத்து இதை நாய்ப்பாசம் மிக்க விந்தைக் கதையாகச் சுருக்கிவிடுவது சரியல்ல. மருத்துவம் எட்டாத இடத்தில், பிள்ளை பிழைக்குமா என்று அறியாத ஏழைத் தாய்மார் பிடித்துக்கொண்ட கடைசிக் கொழுகொம்பு அது.

சட்டத்தின் கண்ணில் நாய்

பிரெஞ்சு அரசு நாயைத் தனித்துக் கவனித்தது வரி வழியாகத்தான். 1855ஆம் ஆண்டுச் சட்டம் நாய்களை இரண்டாகப் பிரித்து, வேட்டைக்கும் மகிழ்ச்சிக்கும் வளர்ப்பவற்றுக்கு உயர்ந்த வரியும், காவலுக்கும் பார்வையற்றோருக்கு வழிகாட்டவும் வளர்ப்பவற்றுக்குக் குறைந்த வரியும் விதித்தது. 1971இல்தான் அது முற்றாக நீங்கியது. வீட்டு விலங்கைப் பொது இடத்தில் துன்புறுத்துவதைத் தண்டனைக்குரியதாக்கிய முதல் சட்டம் 1850இல் வந்தது. விலங்குகள் உணர்வுள்ள உயிர்கள் என்று குடிமைச் சட்டத் தொகுப்பில் எழுதப்பட்டதோ 2015இல். கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் விற்பது 2024 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

பயணி அறிய வேண்டியது 1999ஆம் ஆண்டுச் சட்டம். அது ஆபத்தானவை என்று கருதப்படும் நாய்களை இரு பிரிவாக்குகிறது. வம்சாவளிச் சான்று இல்லாத பிட்புல் வகை நாய்கள் அடங்கிய முதல் பிரிவைப் பிரான்ஸுக்குள் கொண்டுவரவே முடியாது. ராட்வைலர், சான்றுள்ள அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர் ஆகியவை இரண்டாம் பிரிவில் வருவதால், பொது இடத்தில் வாரும் வாய்க்கூடும் இன்றி நடத்தக் கூடாது. இந்தியாவில் ராட்வைலர் வளர்ப்போர் பலர் ஆதலால் இதைத் தனியே நினைவில் வைப்பது நல்லது. ரயிலில் தனிச் சீட்டுடன் சிறு நாய்கள் பைக்குள்ளும், பெரியவை வாய்க்கூடு அணிந்தும் வரலாம். தெருவில் கழிவை அள்ளாமல் போனால் 135 யூரோ அபராதம். பிளாஸ்டிக் பை கையில் இல்லாமல் விடுதியை விட்டு இறங்காமல் இருப்பதே சிக்கனம்.

சட்டத்தின் கண்ணில் மட்டுமல்ல, காமிராவின் கண்ணிலும் இந்நகரின் நாய் விழுந்திருக்கிறது. நகரின் கிழக்கே மோன்ப்ளேசீர் பகுதியில், முதல் திரைப்படத் தெரு என்றே பெயர் பெற்ற தெருவில், லூமியேர் சகோதரர்களின் தொழிற்சாலைக் கொட்டகை பாதுகாக்கப்பட்டுள்ளது. 1895இல் அவர்கள் எடுத்த, ஒரு நிமிடத்துக்கும் குறைவான படத்தில், வேலை முடிந்து வாயிலிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுகிறார்கள். நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்கள், மிதிவண்டியுடன் வரும் ஆண்கள், இவர்களின் கால்களுக்கு நடுவே ஒரு பெரிய நாய். மனிதர்கள் காமிராவைப் பார்க்காமல் நடக்க முயல்வது தெரிகிறது. நாய் மட்டும் நடிக்கவில்லை.

புறப்படும் முன்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வாழ்வோர் தங்கள் நாய்க்குரிய நீலநிறக் கடவுச்சீட்டும், மைக்ரோசிப்பும், முதன்முறை போட்டு 21 நாள் கடந்த வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் இருந்தால் லியோனுக்கு ரயிலேறலாம். இந்தியாவிலிருந்து செல்வோர்க்கு வழி நீளமானது. முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப், அதன் பிறகே தடுப்பூசி. வரிசை மாறினால் தடுப்பூசி செல்லாது. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து எடுத்த இரத்தத்தில் நோயெதிர்ப்புப் பொருளின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் உள்ளதென ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஆய்வகம் ஒன்று சான்றளிக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்த பின்னரே நாய் ஐரோப்பாவுக்குள் நுழையலாம். அரசு கால்நடை மருத்துவரின் நலச்சான்று, நுழைவிடச் சோதனை வரை 10 நாள் மட்டுமே செல்லும். இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம், 1968இல் நரிகள் வழியாகப் பிரான்ஸுக்குள் மீண்டும் நுழைந்த வெறிநோயை, ஹெலிகாப்டரிலிருந்து தடுப்பு மருந்து கலந்த இரைகளைக் காடுகளில் தூவி, 2001இல்தான் அந்நாடு ஒழித்தது என்பதாகும்.

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நாயுடன் லியோனைக் காண ஏற்றவை. இவை உண்ணிகள் மிகும் பருவங்களும் ஆதலால், அவை பரப்பும் இரத்த நோய்க்கு எதிரான தடுப்பு மருந்தை முன்கூட்டியே தர வேண்டும். டிசம்பர் 8ஐ ஒட்டி நடக்கும் ஒளி விழாவின்போது, இலட்சக்கணக்கானோர் தெருக்களில் நெருங்கும் நாள்களைத் தவிர்ப்பதே நலம். 'பக்' போன்ற குட்டை மூக்கு நாய்களும் முதிய நாய்களும் விமானத்தின் சரக்கறைப் பயணத்தைத் தாங்குவது கடினம். அவற்றை நம்பகமானவரிடம் ஊரில் விட்டுச் செல்வதே சரி. மற்றவற்றுக்கு, பயணத் தேதிக்குக் குறைந்தது ஐந்து மாதம் முன்பே ஏற்பாடுகளைத் தொடங்குங்கள். திரும்பி இந்தியாவுக்குள் நாயைக் கொண்டுவரவும் விலங்குத் தடுப்புக்காப்பு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவைப்படும் என்பதால், அதற்கான விவரங்களையும் புறப்படும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.